முழுப்பெயர்

மெயில் புரோகிராம் தந்த போர்மில்
மூன்றே மூன்று கோடுகள்:
யாருக்கு, பிரதி, விடயம்.
ஆர்ட்மோர் தோட்டத்தின் ஒரு நாளை
'விடயம்' என்ற ஒற்றைக் கோட்டில்
எப்படி அடக்குவதாம்.

வடிவமைப்புப் பக்கத்தைத் திறந்தேன்.
சாம்பல் நிறத் தரை, அதில் புள்ளிகள்,
நாற்று மேடையில் குழி பறித்ததுபோல்.
பொக்ஸை இழுத்துப் போனால்
அருகிலிருக்கும் புள்ளியில் தானாய் ஒட்டிக்கொள்கிறது.

முதல் பொக்ஸ் டிவிசன்.
அம்பை அழுத்தினால் பட்டியல் இறங்கும்:
மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு, புதுப்பிரிவு.
(நூறு வருசமாய்ப் புதுசு.)
அடுத்தது முழுப்பெயர்.
'கட்டாயம் நிரப்புக' என்பதில் டிக் போட்டேன்.
வெறுமையாய் அனுப்பினால்
டிங் என்று மறிக்கும்.

முதல் நாள் அந்திக்கு
கீழ்ப்பிரிவிலிருந்து மரியநேசன் அனுப்பியிருந்தார்.
முழுப்பெயர்: 23.

கொழும்பிலிருந்து நதீகா போன் எடுத்தாள்,
பாதி சிங்களம் பாதி தமிழ்:
"மிஸ், யாரு இந்த இருபத்திமூணு?"

சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை.
நான் கேட்டது அடையாள அட்டைப் பெயரை.
அவர் வாசித்தது மலையில் வாசிக்கிற மாதிரி:
நிறை காட்டினால் முழுப்பேர்,
குறைந்தால் அரைப்பேர்.
ஒருவர் பெயருக்கு நான் வைத்த இடத்தில்
இருபத்திமூன்று பெண்களின் நாளை
எண்ணி வைத்திருந்தார் மனிதர்.

லேபலை மாற்றினேன்: நிரப்பியவர்.
கீழே ஆளுக்கொரு வரி,
வரியின் கடைசியில் பேர்.
'அதை போர்மே கணக்குப் போடட்டும்' என்றார்கள் மேலிடத்தில்.
எழுதினேன்:
நிறையில் சாக்கைக் கழி,
ஈரத்துக்கு இரண்டைக் கழி,
பதினெட்டுக்குக் கீழே என்றால் அரை.
ஒரே வரி. அம்புட்டுத்தான்.
தராசடியில் என்றால்
முறைத்துப் பார்க்கவாவது ஒரு முகம் இருக்கும்.

புதன்கிழமை விடாத மழை.
சேமலாப நிதிக் கடுதாசி விசயமாய் வந்த தவமலர்
கவுண்டருக்கு மேலால் எட்டி
என் திரையை வாசித்தாள்.
இடுப்புப் படங்கிலிருந்து தண்ணீர்
ஒபிஸ் தரையில் சொட்டியது.
"பதினெட்டுன்னுதானே போட்டிருக்கு மிஸ்?
பொறகு ஏன் அரைப்பேரு?"

பார்த்தேன்.
18. பக்கத்தில் அரை.

தசமம் வேண்டாம் என்று நான்தான் அமைத்தேன்,
பார்வைக்குத் துப்புரவாய் இருக்கட்டும் என்று.
"உள்ளுக்குப் பதினேழு தசம் ஆறு," என்றேன்,
"வெளியேதான் பதினெட்டாய்த் தெரியுது."
"அப்ப உள்ள ஒன்னு, வெளிய ஒன்னு,"
என்று மட்டும் சொன்னாள்.
கடுதாசியைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

ஐந்தரைக்குப் பிறகு
போர்மை மறுபடி திறந்தேன்.
தகரத்தில் மழை. துரை பங்களாவில் லைட்.
இரண்டு வழி இருந்தது.
தசமத்தைக் காட்டிவிடலாம்,
அது நேர்மைதான்,
அரைப்பேர் அப்படியே இருக்கும்.
அல்லது உள்ளே இருப்பதையும்
திரையில் தெரிகிறபடி முழுமையாக்கலாம்.
அதற்கு ஒரு சொல்லும்
இரண்டு அடைப்புக்குறியும் போதும்.

வெளியிடு என்பதை அழுத்தினேன்.
பதிப்பு எண் கேட்டது: 1.1.
என்ன மாற்றம் என்று கேட்டது.
கட்டாயமில்லாத பொக்ஸ் அது.
விட்டுவிட்டேன்.

இரவு எல்லாவற்றையும் தொகுத்துக் கொழும்புக்கு அனுப்பும்போது
ஒரு கோடு மட்டும்
எந்த வடிவமைப்புக்கும் பணியாமல் மேலே நிற்கிறது.
அனுப்புபவர்.
நான் தொடுவதற்குள் தானாய் நிரம்புகிறது:
புஷ்பநாதன் கிருஷாந்தினி.
தராசில் ஏறாத பெயர்.
மழை நாளிலும்
முழுசு.