குன்றின் மேல் இரண்டு கோடு

ஞாயிறுதோறும் குதிரையேறிக்
குன்றுக்குப் போகிறேன்.
இந்தப் புல்வெளியில் அங்கே மட்டும்தான்
போனில் இரண்டு கோடு விழும்.

வாரம் ஒரு வசனம்.
குலான் சொல்லச் சொல்ல
மாத்திரை அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொள்வேன்.
கிணற்றில் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைக்கையில்
வாளிக்கொரு சொல்லாய்
உள்ளே இறங்கிவிடும்.

உலான்பாத்தரில், பதினோராம் மாடியில்,
அவள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள்.
ஒரு சொல் பிசகினால் போதும்:
"முதல்லேருந்து, தாத்தா."
பட்டாளத்தில்கூட எனக்கு
இத்தனை கண்டிப்பான ஆள் வாய்த்ததில்லை.

போன வாரம்
காணாமல்போன ஆட்டின் வசனம்.
மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.
அறுபது வருஷம் மேய்த்தவனுக்கு
இதெல்லாம் ஒரு பாடமா?

தெல்கெருக்கு ஐந்து வயது.
எதையோ மென்றுகொண்டே கேட்டான்:
"மிச்சம் தொண்ணூற்றொன்பதை
யாரு பாத்துக்கிட்டா?"

காற்று.
கோடு ஒன்றாகக் குறைந்தது.
போதகர்போல ஏதாவது சொல்லியிருக்கலாம்.
ஓநாய் திரியும் நாட்டில்
அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.
"தெரியலடா" என்றேன்.
"படிச்ச நாளா எனக்கும் அதே கவலைதான்."

"இப்ப நீங்க குன்று மேல இருக்கீங்களே,
உங்க ஆட்டை யாரு பாக்குறா?"

திரும்பினேன்.
கீழே, பனி உருகாத சரிவில்
அவை பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன,
வெள்ளையும் பழுப்புமாய், சிதறி.
நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

வசனத்தை இன்னொரு தரம் கேட்டாள் குலான்.
நன்றாகத் தெரிந்த வசனம்.
பாதியில் நின்றுவிட்டேன்.

அவள் திருத்தவில்லை.