இரண்டாம் வேற்றுமை

ஒன்பதாம் அறை. முப்பத்திரண்டாம் துண்டு.
வாங்கில் இடமில்லை.
சுவரோரம் நின்று
கிளினிக் கொப்பியின் அட்டையை உள்ளங்கையால் மூடுகிறேன்,
விடைத்தாளை மறைக்கிற பெடியனைப் போல.

றிஸ்வி நானா கண்டுவிட்டார்.
மூதூர் ஆள். பங்குனியில்
மேசைக் காற்றாடிக்கு வயர் சுற்றத் தந்தவர்.
திரும்பவும் நின்றுபோச்சு என்று அதைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று
நான் கத்திய கத்தலில்
பக்கத்து மில்காரன் மெசினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.
"தம்பிக்கும் பிரஷரோ?"
"ஓம் நானா. பிரஷர்தான்."
பொய் இல்லை.
நகர்ந்து பாதி இடம் தருகிறார்.
காற்றாடி இப்ப ஓடுதா என்று கேட்க வாய் வரவில்லை.

டொக்டர் குருநாகல் பக்கத்துப் பிள்ளையாக்கும்.
தமிழை ஒவ்வொரு சொல்லாக,
ஊசியில் காற்றுக் குமிழி பார்க்கிற மாதிரி
பார்த்துப் பார்த்து ஏற்றுகிறா.
"எப்ப இருந்து?"

இந்த ஊரில் காரணத்துக்கா பஞ்சம்.
தொண்ணூறைச் சொல்லலாம்.
கடல் ஏறி வந்த மார்கழியைச் சொல்லலாம்.
கொப்பியில் எழுத வடிவாக இருக்கும்.
போன ஆவணியில் இருந்து, டொக்டர்.
கடன் இல்லை. குடி இல்லை.
பிரிட்ஜ் கதவு வடிவாகச் சாத்தவில்லை என்று தொடங்கினது.
பிறகு சோற்றில் கல்.
பிறகு கல் இல்லாத சோறு.

"கோவம் எத்தனை? ஒண்டில இருந்து பத்து?"
கன்னியாவில் கிணறே ஏழுதான் என்று சொல்ல வந்து
விழுங்கிவிட்டு
எட்டு என்றேன்.

அதுக்குப் பிறகுதான் கேட்டா:
"கோவம் வந்தா நீங்க யார்?"

யாரை என்று கேட்க நினைத்திருப்பா.
யாரை ஏசுறது, யாரை அடிக்கிறது.
வினையும் விழுந்து, ஐ உருபும் விழுந்து
வெறும் யார் மட்டும்
பிரஷர் பார்க்கிற கருவிக்குப் பக்கத்தில் கிடந்தது.

நான் திருத்தவில்லை.
மகள் ஒரு ழகரம் தவறினாலே
புத்தகம் பறக்கிற வீடு என்னுடையது.

யாரை என்றால் தெரியும்.
வாகினியை. அவளுடைய தம்பியை. ரிமோட்டை.
மகளை
இல்லை, அவளைத் தொட்டதில்லை,
அவளுக்குக் கேட்கிற தூரத்தில் மற்ற எல்லாவற்றையும்.
ஒன்பது வயது. மோட்டச்சைக்கிள் ஸ்டாண்டை நான் போடுகிற சத்தத்தில்
அன்றைய இரவைச் சொல்லிவிடுவாள்.
ஒருநாள் ஜன்னலால் கேட்டது, சின்னவனுக்குச் சொல்கிறாள்:
"இண்டைக்கு டக் எண்டு. கதைக்காத."

இதையெல்லாம் சொன்னேனா?
கொஞ்சம் சொன்னேன். மூக்கு ஒழுகியது.
டொக்டர் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தா,
அது பெரிய உதவி.
மூன்று கிழமைக்குக் குளிசை.
வியாழக்கிழமைகளில் வந்து கதைக்க வேண்டுமாம்.
ஒருநாள் மனிசியும் வரவேண்டுமாம்.
அவள் வருவாளா என்று தெரியாமல் தலையாட்டினேன்.

வெளியே ரோட்டுக்கு நடுவில் ஒரு மான்,
யாரோ எறிந்த லஞ்ச் சீட்டை மென்றபடி.
ஹோர்ன் அடித்தேன். அசையவில்லை.
இரண்டாம் தரம் அடிக்கவில்லை.
இதைக் குணம் என்று யாரும் எழுதவேண்டாம்.
வெயில், களைப்பு, அவ்வளவுதான்.

உவர்மலை ஏறி
வாசலில் எஞ்சினை நிறுத்தி
குனிந்து, ஸ்டாண்டைக் கையால் பிடித்து
நித்திரைப் பிள்ளையைப் பாயில் விடுகிற மாதிரி இறக்கினேன்.

சத்தமே இல்லை.

உள்ளே டிவி நின்றது.
இப்படியொரு சத்தம் அவளுடைய கணக்கில் இல்லை.
ஹெல்மெட்டோடு நின்றேன்.
திரைச்சேலை ஒரு விரல் அளவு விலகியது.

"ஆர்?" என்றாள்.