இதுவரைக்கும்

பதினாறு கிலோ அரிசி ஊறிக்கொண்டிருந்த ராத்திரி
வீடும் ஊற ஆரம்பித்தது.

முதலில் குளியலறைச் சாக்கடை
தொண்டையைச் செருமியது.
அப்புறம் ஒரு கரப்பான், இரண்டு, பத்து,
வாடகை பாக்கி வைத்தவர்கள் மாதிரி
சத்தமில்லாமல் சுவரேறிப் போயின.
தண்ணீர் கடைசியாகத்தான் வந்தது,
வாசல் வழியாக இல்லை,
பின்பக்கமாக, வீட்டு ஆள் போல.

பந்தல்குடி வாய்க்கால் எங்களுக்கு ஏழு வீடு தள்ளி.
ஐப்பசி முழுக்கப் பாலித்தீன் பைகளைச்
சவைத்துக்கொண்டே கிடந்தது.
இன்றைக்குத் துப்பிவிட்டது.

ஒச்சப்பன் மெயின் சுவிட்சை இறக்கினான்.
கிரைண்டரை நான் ஒரு பக்கம் அவன் ஒரு பக்கம்
கட்டில்மேல் ஏற்றினோம்.
கல்யாணமான பதினோரு வருஷத்தில்
இவ்வளவு ஒத்துப்போய் எதையும் தூக்கியதில்லை.
சிலிண்டர் மிதந்து, ஒரு சுற்றுச் சுற்றி,
பீரோவை இடித்தது.
ரேஷன் கார்டு, ஆதார், மாவுக் கடன் நோட்டு,
எல்லாவற்றையும் குக்கருக்குள் திணித்து
விசில் மாட்டி மூடினேன்.
நல்ல யோசனை என்று நானே சொல்லிக்கொண்டேன்,
வேறு யாரும் சொல்லவில்லை.

பரண்மேல் உட்கார்ந்துகொண்டு நித்தீஷ் கேட்டான்:
“கலெக்டர் லீவு விட்டாராம்மா?”

விடிந்ததும் எதிர்மாடியிலிருந்து துளசிராம் எட்டிப்பார்த்தார்.
தெருவைப் பார்த்தார், தொடை வரை நிற்கிற என்னைப் பார்த்தார்.
“அக்கா, இன்னிக்கு மாவு இருக்குமா?”

கரண்ட் இல்லை. ஆட்ட வழியில்லை.
ஊறிய அரிசியிடம் போய்
கொஞ்சம் பொறு என்று சொல்ல முடியுமா?

ஹவுஸ் ஓனர் திருமங்கலத்திலிருந்து கூப்பிட்டார்.
போனில் பதினொரு சதவீதம்தான் சார்ஜ்.
“சுவத்துக்கு ஒண்ணும் ஆகலையேம்மா?”

சுவரைப் பார்த்தேன்.
சித்திரையில் வீடு பார்க்க வந்தபோது
இடுப்பளவுக்குப் பச்சை ஆயில் பெயிண்ட்,
அதற்குமேல் சந்தன நிறம்.
பிள்ளை கிறுக்கினால் துடைத்துக்கொள்ளலாம் என்றார்.
என்ன ஒரு நல்ல மனுஷன் என்று
முப்பதாயிரம் அட்வான்ஸை எண்ணிக் கொடுத்தோம்.

இப்போது அந்தப் பச்சை
எண்ணெயில் போட்ட அப்பளமாக உப்பியிருந்தது.
நகத்தால் கிள்ளினேன். உரிந்தது.
உள்ளே, சுண்ணாம்பில் ஆணியால் கீறிய கோடு.
பக்கத்தில் சாய்ந்த கையெழுத்து:
இதுவரைக்கும். கார்த்திகை 9. ஜெயராக்கினி.

அதற்கு ஒரு சாண் கீழே இன்னொரு கோடு,
பேரில்லை, தேதியில்லை.

ஜெயராக்கினி.
வைகாசியில் அந்தப் பேருக்கு ஒரு தபால் வந்தது.
ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பினேன்.
கட்டிலில் எதை ஏற்றி வைத்தாளோ.
எதை விட்டாளோ.
அவளுக்கும் பச்சையைக் காட்டி
அழகுக்கு என்று சொன்னார்களோ என்னவோ.
இன்றைய தண்ணீர்
அவள் கோட்டுக்கு நாலு விரல் மேலே நின்றது.

மூன்றாம் நாள் மத்தியானம் இறங்கியது.
போகும்போது நித்தீஷின் ஒற்றைச் செருப்பைக் கொண்டுபோய்
யாருடையதோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வைத்துவிட்டுப் போனது.
அரிசியை மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்டினேன்.
சேற்றைத் தள்ளித் தள்ளி
விளக்குமாறு பாதியாகிவிட்டது.

அப்புறம் காலண்டர் மாட்டியிருந்த ஆணியைப் பிடுங்கினேன்.
“அட்வான்ஸ்ல கழிப்பாரு” என்றான் ஒச்சப்பன்.
கழிக்கட்டும்.
பொங்கலுக்கு இரண்டு கோட்டு அடித்தாலும்
விரல் வைத்துத் தடவினால் தட்டுப்படுகிற ஆழத்துக்கு,
சிமெண்ட் உதிர உதிரக் கீறினேன்.

கோடு. தேதி. மாயக்கா.
“எம் பேரையும் போடு.”
“நீ மூணு மணிக்கே தூங்கிட்ட.”

நித்தீஷ் அந்தக் கோட்டில் முதுகை ஒட்டி நின்று பார்த்தான்,
உயரம் அளக்கிறோம் என்று நினைத்து.
நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே வந்தது.
ஒன்றும் சொல்லாமல் அவனை நகர்த்திவிட்டு
மிச்சத்தை எழுதினேன்.

போன் அடித்தது. திருமங்கலம்.
அடிக்கட்டும்.
‘இதுவரைக்கும்’ என்று முடிகிற இடத்தில்
கடைசி எழுத்துக்கு
இன்னும் புள்ளி வைக்கவில்லை