பள்ளமில்லாத பாலம்

மல்லாகத்திலிருந்து தெல்லிப்பழைக்கு
நிலம் எவ்வளவு ஏறுகிறது என்று கேட்டால்
என் மட்டக்கோல் வெட்கப்படும்.
கிலோமீற்றருக்கு ஒரு சாண்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
ஒரு சாண்தான்.

பட்டிப்பொலையில் பத்து வருசம் கிடந்தவன் நான்.
அந்த மேட்டுவெளியின் விளிம்பில்
நாற்பத்துநாலு அடிக்கு ஓரடி ஏற்றம்.
தை மாத விடியலில் தண்டவாளத்தில் உறைபனி,
எஞ்சின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்,
மணல் தூவித் தூவி ஏற்றுவோம்.
ஆனாலும் மலை மனதில் எதையும் வைத்திராது.
விழ நினைக்கிற பாறை
ஒரு கிழமைக்கு முன்னமே பொடிக்கல் அனுப்பும்.

மாற்றல் கடிதம் வந்தபோது
"மேசையில் கோடு கீறுகிற வேலை" என்று
விருந்து வைத்து அனுப்பினார்கள்.
கூட வந்த சின்னக்கருப்பன்
மூன்று தலைமுறையாய்ப் பாதை பார்த்த குடும்பம்,
அவன் மட்டும் சிரிக்கவில்லை.

இங்கே தண்டவாளம் இல்லை. சிலிப்பர் கட்டை இல்லை.
எல்லாம் பதுங்குகுழிக்குக் கூரையாய்ப் போய்
இருபது வருசம்.
மிஞ்சிய கரையில் யாரோ மரவள்ளி நட்டிருந்தார்கள்.
கிழங்கு முற்றும்வரை ஒரு மாதம் பொறுத்தோம்,
அறிக்கையில் 'மழை' என்று எழுதி.

பிறகொரு நாள் உருளை இயந்திரம்
ஓரிடத்தில் வேறு குரலில் பேசிற்று.
சின்னக்கருப்பன் அலவாங்கால் தட்டினான்,
குப்புறப் படுத்துக் காது வைத்தான்.
"அய்யா, இது மண்ணு சத்தமில்ல. பான சத்தம்."

துளைத்தோம்.
செம்மண் நாலடி, சுண்ணக்கல் ஒன்பதடி,
அப்புறம் துளைக்கோல் பிடியிலிருந்து நழுவி
ஒன்றுமில்லாததற்குள் போயிற்று.
எத்தனை வருசம் இதன்மேல்
யாழ்தேவி விசிலடித்துப் போயிருக்கிறது!

நிரப்பு என்றது கொழும்பு.
மூன்று இரவு சீமெந்துப் பால் ஊற்றினோம்.
மூன்று விடியலும் கோல் விட்டுப் பார்த்தோம்,
ஒரு விரல் ஏறவில்லை.
சுண்ணக்கல்லைச் சுட்டுத்தானே சீமெந்து,
தாய்வீடு போகிறது போலும் என்றேன்.
அதற்கும் அவன் சிரிக்கவில்லை.

நாலாம் நாள் சைக்கிளில் ஒரு பெண்.
ஹாண்டிலில் வாளி, வாளியில் வெள்ளைத் தண்ணீர்.
இரத்தினமலர். முந்நூறு யார் தள்ளி வீடு.
"இதென்ன பால்? ஆர் கறந்தது?
மூண்டு பரப்பு வெங்காயம் நிக்குது,
இண்டைக்கு இறைப்பு முறை. சொல்லுங்கோ."
பத்து வருசம் மலையோடு வாதாடியவனுக்கு
ஒரு வாளிக்குப் பதில் வரவில்லை.

நிறுத்தினோம்.
வெறுமையை அதன்பாட்டில் விட்டுவிட்டு
இருபுறமும் திடக்கல் தேடிக் கால் ஊன்றி
பதினொரு மீற்றர் உத்தரம் வைத்தோம்.
பள்ளமில்லை, ஆறில்லை,
இரண்டு பக்கமும் பீற்றூட் பாத்தி,
நடுவில் ஒரு பாலம்.
பார்க்க வந்த பையன்கள்
கீழே குனிந்து தண்ணீர் தேடினார்கள்.

படிவத்தில் ஒரு கட்டம்:
கடக்கும் ஆற்றின் பெயர்.
'இரத்தினமலர் வீட்டுக் கிணறு' என்று எழுதினேன்.
சிவப்பு மையில் வெட்டித் திரும்பி வந்தது.
மறுபடி அதையே எழுதினேன்.
இரண்டாம் முறை யாரும் வாசிக்கவில்லைப் போல,
முத்திரை விழுந்துவிட்டது.

முதல் ரயில் போன அன்று சனம் கையசைத்தது.
நான் ஜன்னலோரம் கண்ணை மூடியிருந்தேன்.
ஒரு கணம், தட தடவுக்கு நடுவில்
ஒரு தம்.
அவ்வளவுதான்.

தண்ணீர் நாற்பத்தோராம் நாள் தெளிந்ததாம்.
நட்டஈட்டுக் கடுதாசியில் ஒப்பம் வாங்கப் போனேன்.
வெங்காயம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை,
தேத்தண்ணி தந்தா.
குவளையின் உள்விளிம்பில் மெல்லிய வெள்ளை வளையம்.
எங்கள் சீமெந்தோ,
இந்த ஊர்த் தண்ணீரில் என்றைக்கும் உள்ள சுண்ணாம்போ,
கேட்கவில்லை.
அடிவரை குடித்தேன்.