இரண்டு மணிக் கட்டம்

செம்பூர், மூன்றாம் மாடி, ஆண்கள் வார்டு.
இருபத்தெட்டுக் கட்டிலுக்கு இரவில் இரண்டு நர்ஸ்.
அன்று ஒருத்தி லீவு.
அதை யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை.

பதினோராம் கட்டில் தத்தாராம் ஷிர்கே,
குடல் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள்.
பத்து மணிக்கு நாடி எண்பத்தெட்டு.
பன்னிரண்டுக்குத் தொண்ணூற்றாறு.
"தூங்க விடு, போரி" என்று
கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒன்றரைக்கு நான்காம் கட்டில் பையனுக்கு வலிப்பு.
ஒருக்களித்துப் படுக்கவைத்து,
ஆக்சிஜன் திறந்து,
டாக்டரை மூன்று முறை போனில் எழுப்பி,
மருந்து ஏற்றி,
அலறும் அவன் அம்மாவைச் சுவரோரம் உட்காரவைத்து,
அவன் மறுபடி வெட்டி இழுத்து அடங்கி,
நான் நிமிர்ந்தபோது மூன்றரை.
மழை சன்னல் வழியே வந்து
மருந்து ட்ரேயை நனைத்திருந்தது.

நான்கு மணிக்குப் பதினோராம் கட்டிலில்
நாடி நூற்று நாற்பது.
ரத்த அழுத்தம் எண்பது.
வயிறு பலகை மாதிரி.
நானும் வார்டு பாயும் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினோம்,
லிஃப்டுக்கு, ஐசியுவுக்கு.

ஏழரைக்கு வந்தார் இன்சார்ஜ் நளினி கர்மார்க்கர்.
என் முதல் நைட் டூட்டியில்
தன் டப்பாவில் பாதி அவலை எனக்குத் தள்ளிவைத்தவர்.
கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம்.
சார்ட்டைத் திருப்பினார்.
இரண்டு மணிக் கட்டம் காலி.

"ஏதாவது ஒரு எண் போடு.
பன்னிரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் பொருந்துகிற மாதிரி.
கேஸ் ஆனால் இந்தக் காலிக் கட்டம் ஒன்று போதும்
உன் ரெஜிஸ்ட்ரேஷன் போக."
பேனாவை மூடி கழற்றி அவரே தந்தார்.

எழுதாதது செய்யாதது.
காலேஜில் முதல் வருடமே மனப்பாடம்.
செய்யாததை எழுதினால் அதற்கு என்ன பெயர் என்று
எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை.

தொண்ணூற்றாறும் நூற்று நாற்பதும் கூட்டிப் பாதியாக்கினேன்.
நூற்றுப் பதினெட்டு.
நல்ல எண்தான். நான் தொடாத மணிக்கட்டின் எண்.
ஒன்று என்று ஒரு கோடும் இழுத்துவிட்டேன்.

நூற்றுப் பதினெட்டு என்றால்
அப்போதே டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.
கூப்பிடவில்லை. சரி, தொண்ணூற்றெட்டு ஆக்கலாம்.
ஆக்கினால் இரண்டு மணிக்கு
ஷிர்கே நன்றாகத்தான் இருந்தார் என்றாகும்.
மேலே ஐசியுவில்
எப்போதிலிருந்து கசிகிறது, எவ்வளவு போயிருக்கும் என்று
இந்தத் தாளைக் கேட்டுத்தான் கத்தி எடுப்பார்கள்.
என்னைக் காப்பாற்றும் எண்
அவர் வயிற்றுக்குள் போய்ப் பொய் சொல்லும்.

வெள்ளை மை பூசக் கூடாது.
அந்த ஒன்றின் மேல் ஒற்றைக் கோடு,
அடியில் இருப்பது தெரியும்படி.
பக்கத்தில் என் சுருக்கெழுத்து.
பிறகு எழுதினேன்:
பார்க்கவில்லை. நான்காம் கட்டிலில் வலிப்பு.
வார்டில் நர்ஸ் ஒருவர் மட்டும்.
எழுதிய நேரம் காலை ஏழு ஐம்பது.
எஸ். பாக்கியசெல்வி.

மேடம் படித்தார்.
"ஒருவர் மட்டும்" என்ற இடத்தில் விரல் நின்றது.
டியூட்டி ரோஸ்டரில் கையெழுத்து அவருடையது.
ஒன்றும் பேசவில்லை.
சார்ட்டை என்னிடம் தராமல்
தானே மாடிக்கு எடுத்துப் போனார்.
போய்ச் சேர்ந்த பக்கத்தில் அந்த வரி இருந்ததா,
இந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது.

வாசலில் ஷிர்கேயின் மனைவி.
ராத்திரி என்னைக் கேட்டாரா என்றாள்.
மாஹித் நாஹீ என்றேன்.
மராத்தியில் நான் தடுமாறாமல் சொல்லும் சில சொற்களில் ஒன்று.
அருகில் இல்லை, வேறொருவரிடம் இருந்தேன் என்பதையும்
உடைந்த இலக்கணத்தில் சொன்னேன்.
என்னையே பார்த்தாள். திட்டவில்லை.
பையிலிருந்து அவர் கண்ணாடியை எடுத்து
மேலே சேர்த்துவிடு என்றாள்.

வாங்கி ரெஜிஸ்டரில் எழுதினேன்.
கண்ணாடி ஒன்று.
இடது காதுக் கம்பியில் நூல் சுற்றியது.
நேரம் எட்டு இருபது.