ஏழாம் தீர்மானம்

நைவாஷா ஏரிக்கரை.
பதினோராம் எண் பசுமைக்குடிலுக்குப் பின்னால்
உணவுக்கூடத்தில் கூட்டம்.
குறிப்பெழுதுவது என் பொறுப்பு.
கட்டைவிரலில் முள் ஏறியிருந்ததால்
அன்றைய கையெழுத்து கொஞ்சம் கோணல்.

எங்கோ ஒரு கடையில்
ரோஜாக் கொத்து வாங்குகிறவர்
தண்டுக்கு இவ்வளவு என்று கூடுதலாக வைக்கும் காசு
கடல் தாண்டி, கணக்குப்பிள்ளைகளைத் தாண்டி
எங்கள் பெயருக்கு வந்து சேர்ந்திருந்தது.
அதை என்ன செய்வதென்று
நாங்களே முடிவு செய்துகொள்ளலாம்.
நிறுவனத்தின் விதி அது.
நல்ல விதி. நல்லதை நல்லது என்றே எழுதிவைக்கிறேன்.

போன தடவை பள்ளிக்கூடத்துக்குக் கூரை.
அதற்கு முந்தி பிரசவ அறை;
என் இரண்டாவது மகன் முதலில் அழுதது அங்கேதான்.
கூரை மேல் நிறுவனத்தின் பச்சை இலைச் சின்னம்,
விமானத்திலிருந்து பார்த்தால் தெரிகிற அளவில்.
விமானத்தில் போவது
எங்கள் பூக்கள் மட்டும்.

தலைமையகத்திலிருந்து ஃபெம்கே திரையில் வந்தாள்.
ஆம்ஸ்டர்டாம் மழை அவள் ஜன்னலில் வழிந்துகொண்டிருந்தது.
மரம் நடலாமே என்றாள்.
ஆயிரம் மரம்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு குழந்தையின் பெயர்.
படம் எடுத்தால் அழகாக வரும்.
கை தட்டினோம்.

அப்போது எழுந்தார் பராசா.
மருந்தடிக்கும் பிரிவு. வாய் திறக்காத மனிதர்.
"பிண வண்டி ஒன்று வாங்கணும்" என்றார்.

நாகரிகமாக "அமரர் ஊர்தி" என்று எழுதினேன்.
பிறகு அடித்துவிட்டு
அவர் சொன்னதையே எழுதினேன்.

கெமுன்டோவை எல்லோருக்கும் தெரியும்.
காதலர் தின வாரத்தில்
பதினாறு மணி நேரம் நின்றபடி தரம் பிரித்தவள்.
ஏப்ரலில் காய்ச்சல், மூன்றாம் நாள் இல்லை.
அவள் ஊர் கிசி மலைச்சரிவில், ஒரு பகல் தூரம்.
வண்டிக்காரன் கேட்டது அவளுடைய நான்கு மாதச் சம்பளம்.
பிளாஸ்டிக் பேசினில் சில்லறை சேர்த்தோம்.
சேரும்வரை பிணவறைக்கு நாள் வாடகை.
கடைசியில் ஒரு பயணிகள் வேனின் கூரையில்,
கோழிக்கூடைக்கும் மெத்தைக்கும் நடுவே.
கயிற்றைப் பிடித்தபடி மேலேயே உட்கார்ந்து போனார் பராசா.
வழியெல்லாம் மழை.

"ரோஜா நாலு டிகிரிக் குளிரில்
இதழ் கசங்காமல்
ஒரே ராத்திரியில் ஐரோப்பா போகுது," என்றார்.
"கெமுன்டோ வீட்டுக்குப் போக அஞ்சு நாள்."

அதற்கு மேல் அவர் பேசவில்லை.
பேசத் தேவையும் இல்லை:
அந்தக் கூடத்தில் இருந்த எவருக்கும்
பிழைப்பு இங்கே, மண் வேறெங்கோ.

மரத்துக்குப் பத்தொன்பது கைகள்.
வண்டிக்கு முந்நூற்று ஆறு.
இரண்டு முறை எண்ணினேன்,
என் கையைச் சேர்த்தேனா என்ற சந்தேகத்தில்.

திரையில் ஃபெம்கே ஒரு காகிதத்தைப் புரட்டினாள்.
வறுமை, பசி, கல்வி, தண்ணீர் என்று
பதினேழு இலக்குகள், பதினேழு நிறக் கட்டங்கள்.
இதை எந்தக் கட்டத்தில் வைப்பது?
எங்களுக்கும் தெரியவில்லை.
நீடித்த வளர்ச்சி என்பது
உயிரோடு இருப்பவர்களுக்கான சொல் போலும்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
பிறகு கேட்டாள்:
"வண்டியில் குளிர்ப்பெட்டி எத்தனை டிகிரியில் இருக்கணும்?"

அவளைப் பற்றி நான் நினைத்திருந்ததையெல்லாம்
அந்த ஒரு கேள்விக்காக மாற்றிக்கொண்டேன்.

"பூவுக்கு வைக்கிறதே போதும்" என்றார் பராசா.

ஆண்டறிக்கை வந்தது, வழவழத் தாளில்.
அட்டையில் ஏரி, ஒரு நாரை, சிரிக்கும் சிறுமி.
ஐம்பத்திரண்டாம் பக்கத்தில், அடியில், சின்ன எழுத்தில்:
ஊழியர் போக்குவரத்து — ஒரு வாகனம்.
பொய் இல்லை.

வண்டி வெள்ளை நிறம்.
கதவில் பச்சை இலை வரைய
பெயிண்டர் மூன்று முறை வந்தார்.
வேண்டாம் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை.
மூன்று முறையும்
வண்டி வெளியூர் போயிருந்தது.