மூன்று பூச்சு

முதல் முறை கூப்பிட்டபோது
எண்ணூறு ஷில்லிங் என்றார் கிச்சுஹி.
"ஒரே ஒரு குறிதான், முக்வானா. அரைமணி வேலை."
வாசலுக்கு இடப்பக்கம், ஆள் உயரத்தில்,
அரசாங்க ஆட்கள் சிவப்பில் இழுத்துவிட்டுப் போன
பெருக்கல் குறி.

நைரோபியில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரியும் அதன் பொருள்:
இங்கே யாரும் குடியிருக்கக் கூடாது.
உள்ளே நூற்றுப் பதினெட்டுக் குடும்பங்கள்.

சிவப்பு லேசில் போகாது.
முதல் பூச்சில் ரோஜாவாக இளிக்கும்.
இரண்டாவதில்
அழுது முடித்த கண்ணின் ஓரம்போல் நிற்கும்.
மூன்றாவதில்தான் அடங்கும்.
பாலாடை நிறம் கேட்டார், அடித்தேன்.
"திட்டாகத் தெரியும், சுவர் முழுக்க அடித்துவிடலாமே."
"தெரியட்டும். பார்க்க வேண்டியவர்களுக்கு
ஏற்கெனவே சாய் கொடுத்தாயிற்று."

சாய் என்றால் இங்கே தேநீரும்தான், லஞ்சமும்தான்.
நான்கு மாடிக்கு அனுமதி.
ஐந்தாவதுக்கு ஒரு கோப்பை, ஆறாவதுக்கு ஒரு கோப்பை,
ஏழாவது எழும்பியபோது
அதிகாரியின் வீட்டு வாசலில்
பழைய டொயோட்டா ஒன்று நின்றது.

கலவை போடும் ஒட்டியெனோவிடம் கேட்டேன்,
மூட்டைக்கு எத்தனை சட்டி மணல்?
முன்பெல்லாம் எண்ணுவோம் என்றான்.
கம்பி?
சோதனைக்குக் காட்டுகிற தூணில் பன்னிரண்டு.
மற்றதெல்லாம் எட்டு.
ஆற்றுப் பக்கத்துத் தூணைப் பற்றி அவன் பேசவில்லை,
தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான்.

மூன்றாம் மாடி நியாபோகே மண்டாசி சுட்டு விற்கிறவள்.
சமையல் மூலையின் விரிசலில்
ஒரு ஷில்லிங் காசைச் செருகி வைத்திருந்தாள்.
மார்ச்சில் அது உள்ளே விழுந்துவிட்டது.
பிறகு இருபது ஷில்லிங் காசு, தடிமனானது.
"சுவருக்கும் சாய் கொடுத்துப் பார்க்கிறேன்" என்று சிரித்தாள்.
போய்விடேன் என்றேன்.
"குறி போட்ட வீட்டுக்கு நாலாயிரம் வாடகை,
குறி இல்லாததற்கு ஒன்பது.
மாவு என்ன விலை விற்கிறது தெரியுமா உனக்கு?"

இரண்டாம் முறை வந்து குறி போட்டார்கள்.
இரண்டாம் முறை என்னைக் கூப்பிட்டார்.
ஆயிரத்து இருநூறு கேட்டேன்.
பேரம் பேசாமல் கொடுத்தார்.
அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்த மொரா,
நியாபோகேயின் மகள்,
நோட்டோடு வந்து பக்கத்தில் நின்றாள்.
"இதில் எதை எதால் பெருக்கணும்?"
தப்பான கணக்கு, அழிக்கிறேன் என்றேன்.
அவள் அம்மா
பழைய தாளில் சுற்றிச் சூடாக மூன்று மண்டாசி அனுப்பினாள்.
காசு நீட்டினேன், வாங்கவில்லை.
பூச்சு காயும் வரை தின்றுகொண்டிருந்தேன்.

ஏப்ரல். எட்டு நாளாக மழை.
இரவு ஒன்பதே கால்.
இடி என்றார்கள், வெடி என்றார்கள்.
எனக்குக் கேட்டது
லாரி மணல் கொட்டுகிற சத்தம்.
அவ்வளவு மணல்தான் அது.

நான்கு நாள் தோண்டினார்கள்.
பிறகு பெண்கள் தெருவைப் பெருக்கினார்கள்.
பெருக்கப் பெருக்க மணல்.
சுவர்த் துண்டொன்று மல்லாந்து கிடந்தது.
மழையில் என் மூன்றாவது பூச்சு உரிந்து,
இரண்டாவதும் உரிந்து,
குறியின் ஒரு கை மட்டும் தெரிந்தது.
காலால் மண்ணைத் தள்ளி மூடப் பார்த்தேன்.
பழக்கம்.

கிச்சுஹி ஊரில் இல்லை.
அதிகாரி விசாரணைக் குழுவில் இருக்கிறார்.
என்னை யாரும் கேட்கவில்லை.
என் வேலையில் கையெழுத்துக்கு இடமில்லை.
மொரா ஆஸ்பத்திரியில் என்கிறார்கள்.
போகவில்லை.

பெருக்க வரவில்லை எனக்கு, வகுத்துப் பார்த்தேன்.
எண்ணூறும் ஆயிரத்து இருநூறும் இரண்டாயிரம்,
பெயிண்டுக்கு எழுநூறு போக
மிச்சம் ஆயிரத்து முந்நூறு.
எடுத்த உடல்கள் ஐம்பத்திரண்டு,
நாற்பதாவது நியாபோகே.
ஆளுக்கு இருபத்தைந்து ஷில்லிங்.

பத்து ஷில்லிங் மண்டாசி
இரண்டரை வரும்.

அவள் மூன்று கொடுத்தாள்.